மலையைப் பார்த்த வீடு

சுற்றுச்சுவரில் சிவப்புப் பெயின்டால் எழுதியிருந்த இரண்டு தெலுங்குச் சொற்களை யாருடைய உதவியும் இல்லாமல் படித்துவிட்ட பெருமிதத்தில்தான், என் மனைவியின் இரண்டு ஏக்கரை நான் தொலைக்கப் பார்த்தேன். 'இல்லு அம்மபடுனு' என்று இருந்தது. வீடு விற்கப்படும்.

எங்களுக்கு எல்லைப் பக்கம். நாகலாபுரத்தில் தமிழில் படித்து, தமிழிலேயே பட்டம் வாங்கி, புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழே சொல்லிக்கொடுத்துத் தலை நரைத்தவன் நான். தெலுங்கு நன்றாகப் பேசுவேன். சந்தையில் என்னை யாரும் தமிழன் என்று கண்டுபிடித்ததில்லை. எழுத்து என்று வந்தால் மட்டும் பஸ் போர்டு வரைக்கும்தான் வரும், அதுவும் பஸ் நின்றுகொண்டிருந்தால். பள்ளிக்கு வரும் சுற்றறிக்கையைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, தலையை மேலிருந்து கீழே மெல்ல இறக்கிவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருக்கும் கணக்கு ஆசிரியரிடம் "இத்தப் பத்தி நீங்க இன்னா நெனைக்கிறீங்க?" என்று கேட்பேன். அவர் நினைப்பதைச் சொல்லும்போது அதில் எழுதியிருப்பதும் தெரிந்துவிடும். இருபது வருடத்துக்கு மேல் இப்படி ஓட்டியிருக்கிறேன். வீட்டில் மூன்று அலமாரி நிறையப் புத்தகங்கள். ஒவ்வொரு முறை வாடகை வீடு மாறும்போதும் மூட்டை தூக்குகிறவர்கள் என்னைப் படித்தவர் என்று மனதுக்குள் திட்டுவார்கள்.

ஒன்பது வாடகை வீடுகள். எல்லாம் திருப்பதியில்தான். ஒன்பதாவது வீட்டுக்காரர் தன் மகனுக்குக் கல்யாணம், மாடி வேண்டும் என்றார். கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். என் மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "போதுங்க. அந்தப் பணத்த எடுத்துடலாம்."

அந்தப் பணம் என்றால் எங்கள் வீட்டில் ஒன்றுதான். சத்தியவேட்டுப் பக்கம் அவளுடைய அப்பா வழியில் வந்த இரண்டு ஏக்கர். கம்பெனிகள் வந்து நிலத்துக்கு விலை ஏறிய காலத்தில் குடும்பமே விற்றது, அவளும் விற்றாள். பணத்தை அவள் பெயரில் வங்கியில் போட்டோம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நான் கடன் வாங்கினேன், அதைத் தொடவில்லை. எனக்கு வயிற்றில் கல் எடுத்தபோதும் தொடவில்லை. "நெலமா இருந்தது. மறுபடியும் நெலமோ வீடோ ஆவற வரைக்கும் அது யாருதும் கெடையாது" என்பாள். எனக்கென்று உலகத்தில் இருப்பது சம்பளமும் அபிப்பிராயங்களும். அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான்.

கணக்கு ஆசிரியர் ஒரு தரகர் அம்மாவின் நம்பரைக் கொடுத்தார். ஐம்பது வயது இருக்கும். பதிவு அலுவலகத்துக்கு எதிரில் ஒரு பத்திர எழுத்தரிடம் பல வருடம் உதவியாக இருந்துவிட்டு, பிறகு சொந்தமாக வீடு மனை பார்த்துக்கொடுக்க ஆரம்பித்தவர். பழைய ஸ்கூட்டி. மலையில் லட்டு வாங்கும்போது தரும் பையில் எப்போதும் ஒரு கட்டுக் காகிதம். அவருக்கும் புத்தூர்ப் பக்கம், எங்கள் பேச்சுதான். பாதியில் தெலுங்குக்குப் போய்விட்டு, போனது தெரியாமலே திரும்பி வருவார்.

மூன்று வீடு காட்டினார். காட்டினார் என்பதுகூடச் சரியில்லை. முதல் வீட்டில் என் மனைவி சமையலறையைப் பார்க்க உள்ளே திரும்பியதும், "அக்கா, அத்த அப்புறம் பார்க்கலாம். அடுப்பு எங்க வெச்சாலும் எரியும். மொதல்ல இத்தப் பாருங்க" என்று வாசற்படியிலேயே பையைத் திறந்துவிட்டார். வில்லங்கச் சான்று. இவருக்கு விற்றவர் யார், அவருக்கு விற்றவர் யார் என்று முப்பது வருடத்துச் சங்கிலி. அதில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்ததாம். அதனால் "இது வேணாம்" என்று அவரே சொல்லிவிட்டார். வேண்டாத வீட்டைக் காட்டுவதற்கு எதற்கு வெயிலில் இவ்வளவு தூரம் கூட்டிவந்தார் என்று எனக்கு எரிச்சல்.

"வேணாங்கறதுக்கு இன்னா காரணம்னு நீங்களும் தெரிஞ்சிக்கணும் இல்ல சார்" என்றார்.

மூன்றாவது வீட்டிலிருந்து திரும்பும்போது கமிஷனைப் பற்றிக் கேட்டேன். நூற்றுக்கு இரண்டு என்றார். தமிழாசிரியனுக்குக் கணக்கு வராது என்பார்கள். இந்தக் கணக்கு உடனே வந்தது.

"கதவத் தெறந்து காட்டறதுக்கா இவ்ளோ?" என்றேன்.

"கதவு தெறக்கறதுக்கு இல்ல சார். எந்தக் கதவத் தெறக்கக் கூடாதுன்னு சொல்றதுக்கு."

நல்ல வாக்கியம். எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய வாக்கியம் அவருக்குத் தோன்றிவிட்டதே என்ற வருத்தத்தில், அதன் பொருளைக் கவனிக்கவில்லை. பார்த்துச் சொல்கிறோம் என்று விடைகொடுத்து அனுப்பினேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் அந்தச் சுவர். டாக்டர் சொன்னதற்காக மாலையில் நடப்பேன். ஊருக்குக் கிழக்கே பிற்காலத்தில் வளர்ந்த தெருக்களில் ஒன்று. தெரு முனையில் சின்னதாக ஓர் ஆஞ்சநேயர் கோயில், ஐந்து பேர் நின்றால் ஆறாவது ஆள் தெருவில் நிற்க வேண்டும். அதைத் தாண்டி நாலாவது வீடு. சிவப்பு எழுத்து. படித்தேன். படித்துவிட்டேன்! உள்ளே போய்க் கதவைத் தட்டினேன்.

வெளியே வந்தவருக்கு எழுபது வயது இருக்கலாம். மலைப்பாதையில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகள் சென்னையில், வீட்டை விற்றுவிட்டு அவளுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று இருந்தார். இன்னும் நாலு பேர் ஏறவேண்டியிருக்கிறது என்பதைப் போல மெதுவாக, இடைவெளி விட்டுப் பேசுவார். நான் ஆசிரியன் என்று தெரிந்ததும் "மாஸ்டரு" என்று கூப்பிட ஆரம்பித்தார். அதில் பாதி விலை பேசி முடிந்துவிட்டது.

மறுநாள் மனைவியை அழைத்துப் போனேன். இரண்டு அறை, கிணற்றடியில் ஒரு கறிவேப்பிலை மரம், நல்ல தண்ணீர். மொட்டைமாடிக்கு ஏறினோம். வடக்கே மலை. மறைப்பு எதுவும் இல்லாமல் மொத்த மலையும் நீளமாகப் படுத்திருந்தது. மாலை வெயில் பாறையில் சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. என் மனைவி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வீட்டிலும் எங்கள் ஜன்னல்களுக்கு அடுத்த வீட்டுக் குளியலறைதான் வாய்த்திருந்தது.

"பத்திரமெல்லாம் சரியா கீதா பெரியவரே?" என்று கேட்டாள் அவள்.

பெரியவர் செருப்பைக் கழற்றினார். மலையைப் பார்த்துத் திரும்பி நின்றார். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். "முப்பது வருசம் அந்த வளைவுல அவன நம்பி ஸ்டீரிங் புடிச்சவன்மா நான். ஒரு தபா கூட வண்டிய எங்கயும் இட்சினது இல்ல. அவன் மேல ஆணையா சொல்றேன், இந்த வீட்டு மேல ஒரு வில்லங்கம் கெடையாது. கடன் கெடையாது. பங்காளி கெடையாது. இது என்னுது."

அதோடு முடிந்தது. இந்த ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது கொஞ்சம் சிரமம். மலையைப் பார்த்துச் செருப்பில்லாமல் நின்று ஒருவர் சத்தியம் செய்தபிறகு, அவரிடம் மேற்கொண்டு காகிதம் கேட்பது எங்கள் பக்கத்தில் கிடையாது. கேட்டால் அவரை நம்பாததாக ஆகாது, மேலே இருப்பவரை நம்பாததாக ஆகும். சாமியைப் பார்க்கப் போனால் நம்மிடம் ஆதார் அட்டை கேட்பார்கள், கொடுப்போம். சாமி பேரைச் சொன்னவரிடம் நாம் ஒன்றும் கேட்க மாட்டோம். அண்ணன் தம்பி பாகம், மாடு விற்பது, பெண் கொடுப்பது எல்லாம் இங்கே அப்படி முடிந்திருக்கின்றன. நானும் கையைக் கூப்பினேன். கண்ணில் நீர்கூட வந்தது. கமிஷன் மிச்சமானதும் அந்த நீரில் கலந்திருக்கலாம், பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பயானா, அதாவது முன்பணம், அந்த வெள்ளிக்கிழமையே கொடுத்தோம். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு. மிச்சத்துக்கு நாள் குறித்தோம். எங்கள் வழக்கப்படி, நல்ல நேரத்தில் பணம் சாமி படத்துக்கு முன்னால் கைமாறிவிட வேண்டும். அதன் பிறகு சாவகாசமாகப் பதிவு அலுவலகத்துக்குப் போய்க்கொள்ளலாம். ஆபீசுக்கு நாள் முழுக்க ராகு காலம்தான், அதற்காகப் பணம் காத்திருக்கக் கூடாது. காலை ஒன்பதரைக்குப் பணம். பெரியவர் அதை அன்றைக்கே சென்னைக்கு, ஃப்ளாட்காரருக்கு அனுப்பிவிடுவதாக ஏற்பாடு. மத்தியானத்துக்கு மேல் கையெழுத்து.

பத்திரத்தின் ஜெராக்ஸ் கொடுத்திருந்தார். பதினோரு பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊஞ்சலில் உட்கார்ந்து பதினோரு பக்கத்தையும் புரட்டினேன். முத்திரைத்தாளில் இருந்த சித்திரவேலை அழகாக இருந்தது.

"படிச்சிட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"பார்த்துட்டேன்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்காததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

குறித்த நாளுக்கு நாலு நாள் இருக்கும்போது, பள்ளியிலிருந்து திரும்பினால் வாசலில் பழைய ஸ்கூட்டி. கூடத்தில் தரகர் அம்மா. டீப்பாயின் மேல் என் பதினோரு பக்கமும் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. சில வரிகளுக்கு அடியில் பென்சில் கோடு. என் மனைவி எதிரில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க சார், உக்காருங்க" என்றார் தரகர் அம்மா, என் வீட்டில்.

நான் உட்காரவில்லை. மனைவியைப் பார்த்தேன். "என் மேல நம்பிக்கை இல்லயா?"

"கீது" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "உங்க மேல நம்பிக்கை கீது. உங்களுக்குத் தெலுங்கு படிக்க வராது. அவ்ளோதான்."

இருபத்தாறு வருடக் குடும்பத்தில் அவள் அதைச் சொன்னதே இல்லை. தெரியாது என்று நினைத்திருந்தேன். சுற்றறிக்கை வித்தையை வீட்டிலும் செய்துகொண்டுதான் இருந்தேன், மின்சாரக் கட்டண ரசீதில், ரேஷன் ஆபீஸ் கடிதத்தில், மகளின் சான்றிதழில். அத்தனையையும் அவள் பார்த்துவிட்டு, பார்க்காதது போல நகர்ந்து போயிருக்கிறாள். உட்கார்ந்தேன்.

தரகர் அம்மா என் பக்கம் காகிதத்தைத் திருப்பி, பென்சிலால் ஓர் எண்ணைத் தொட்டார். "இது சர்வே நம்பர் சார். விக்கக் கூடாத நெலம்னு கவர்மென்ட்டுல ஒரு லிஸ்ட்டு வெச்சிகினு கீறாங்க. இந்த நம்பரு அதுல கீது. அக்கா போன் பண்ணி, பத்திரத்த போட்டோ எடுத்து அனுப்பினாங்க, அன்னிக்கே போன்ல லிஸ்ட்டப் பார்த்துட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு நாள் ரெவின்யூ ஆபீஸ்ல ஒக்காந்து பழைய புக்கயும் பார்த்தேன். இனாம் பூமி. கோயிலுக்கு வெளக்கு ஏத்தறதுக்குன்னு யாரோ எப்பவோ எழுதிக் குடுத்தது. ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பண்ண மாட்டாங்க."

"எந்தக் கோயிலு?"

"தெரு மொனையில சின்னதா ஆஞ்சநேயரு கீறாரே, அவருதுதான் சார். அந்தத் தெருவே அவருது."

விலை பேசிய மறுநாள் நான் அந்தக் கோயிலில் தேங்காய் உடைத்திருந்தேன். எப்படியாவது இந்த வீடு எனக்கு அமைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு. நிலத்துச் சொந்தக்காரரிடமே போய், உன் நிலத்தை உனக்குத் தெரியாமல் வாங்கித் தா என்று கேட்டிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் பழக்கமாகியிருக்கும்.

"அப்போ அந்த ஆளு பொய்ச் சத்தியம் பண்ணியிருக்காரு" என்றேன். கோபப்பட ஓர் ஆள் கிடைத்தது ஆறுதலாக இருந்தது.

"இல்ல சார்" என்றார் தரகர் அம்மா. "அவருகிட்ட ரிஜிஸ்டர் பத்திரம் கீது. அவரு வாங்கறப்போ இந்த லிஸ்ட்டெல்லாம் கெடையாது, ஆபீஸ்லயும் கேக்கல, பதிஞ்சிட்டாங்க. வீட்டு வரி கட்றாரு, கரென்ட்டு அவரு பேர்ல. அவரு இன்னாத்துக்கு லிஸ்ட்டப் போய்ப் பார்க்கப்போறாரு? பொய் சொல்றவன்னா பத்திரத்த ஜெராக்ஸ் எடுத்துக் குடுப்பானா? தெரியாம பண்ணின சத்தியம் சார் அது. அதான் அவ்ளோ கெட்டியா வந்துகீது."

என் மனைவி மெதுவாகக் கேட்டாள்: "நாலு நாள் கழிச்சி காலையில பணத்தக் குடுத்திருந்தா?"

"மத்தியானம் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேணான்னு சொல்லியிருக்கும். பணம் அதுக்குள்ள சென்னைக்குப் போயிருக்கும். அங்கேர்ந்து அந்தப் பெரியவரு எப்படிக்கா திருப்பி வாங்குவாரு? நீங்க அவரு மேல கேசு போடலாம். உங்களுக்கும் வயசாவும், அவருக்கும் வயசாவும்."

மின்விசிறி பதினோரு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தது. என் மனைவி எழுந்து காபி போட உள்ளே போனாள். டபராவை எடுக்கும் சத்தம் கேட்கவில்லை, ரொம்ப நேரம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அதே மாதிரி.

மறுநாள் மூன்று பேரும் பெரியவரிடம் போனோம். நான் வரவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "சத்தியம் பண்ணும்போது கூட நின்னீங்க இல்ல, இதுக்கும் வாங்க" என்றாள் மனைவி.

பெரியவர் முதலில் சிரித்தார். பிறகு கோபப்பட்டார். "மலையப் பார்த்துச் சொன்னது பொய்யா? ஏம்மா, கமிஷன் கெடைக்கலன்னு வந்து கட்டை போடறியா? மாஸ்டரு, நீங்க படிச்சவரு, நீங்க சொல்லுங்க!"

படித்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தரகர் அம்மா எதிர்த்துப் பேசவில்லை. "நைனா, உங்க ஒரிஜினல எடுத்துகினு வாங்க" என்றார். அப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டதில் பெரியவர் கொஞ்சம் தணிந்தார். பீரோவிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட பத்திரத்தைக் கொண்டுவந்தார். தரகர் அம்மா சர்வே எண்ணை அவரையே படிக்கச் சொன்னார். பிறகு போனில் பட்டியலைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கி, அந்த எண்ணையும் அவரையே படிக்கச் சொன்னார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டாம் முறை படித்தார். மூன்றாம் முறை விரலை வைத்துப் படித்தார். வளைவில் எதிரே வண்டி வருகிறதா என்று பார்க்கிறவரைப் போல முகத்தை முன்னால் கொண்டுபோனார்.

"நீங்க வாங்கறப்போ யாரு பார்த்துக் குடுத்தாங்க நைனா?"

"யாரும் இல்ல" என்றார் பெரியவர். பத்திரத்தை உறைக்குள் போட்டபடி, "புரோக்கர் ஒருத்தன் வந்தான். அவனுக்கு ஏன் தண்டமா குடுக்கணும்னு நானே நேராப் போயிட்டேன். வித்தவரு தாயத்தக் கண்ணுல ஒத்திகினு சொன்னாரு, இது என்னுதுன்னு. நல்ல மனுசன்தான் அவரும்."

நான் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் வீடு வாங்கி முப்பது வருடம் கழித்து, இரண்டு பேரும் ஒரே படியில் உட்கார்ந்திருந்தோம். அவரை அங்கிருந்து எழுப்ப என்னிடம் ஒரு வாக்கியமும் இல்லை. தமிழிலும் இல்லை.

அவர் எழுந்து சாமி அறைக்குப் போனார். எங்கள் பயானா படத்துக்குப் பின்னால் இருந்தது. நாங்கள் கொடுத்த கவர், நாங்கள் வைத்த மஞ்சள், மேலே நாங்கள் வைத்த பூ காய்ந்து கிடந்தது. கையெழுத்து ஆகும்வரை தொடக் கூடாது என்று வைத்திருந்தாராம். என் மனைவியின் கையில் கொடுத்தார். "எண்ணிக்கோம்மா" என்றார். அவள் எண்ணவில்லை.

"மலையப் பார்த்துச் சொன்னேனேம்மா" என்றார் அவளிடம். அதற்குத்தான் அவர் குரல் உடைந்தது. வீட்டுக்கு இல்லை.

"அவருக்குத் தெரியும் பெரியவரே. தெரியாமதான் சொன்னீங்கன்னு அவருக்குத் தெரியும்" என்றாள் அவள்.

வாசல் வரை வந்தவர் தரகர் அம்மாவிடம் கேட்டார்: "நான் இப்போ இன்னா பண்றது?"

"இங்கயே இருங்க. உங்கள யாரும் இன்னிக்கே எழுந்திரின்னு சொல்லப்போறது இல்ல. மனு குடுக்கலாம், நாள் ஆவும், கெடைக்குமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா நான் எழுதித் தரேன். நாளைக்கு வரேன், பேப்பரெல்லாம் எடுத்து வையுங்க." ஸ்கூட்டியில் ஏறியபிறகு திரும்பிப் பார்த்து, "இதுக்குக் கமிஷன் கெடையாது நைனா" என்றார்.

சுவரில் இருந்த சிவப்பு எழுத்தை அந்த வாரமே யாரோ சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தார்கள். உற்றுப்பார்த்தால் இன்னும் தெரியும். சென்னை மகளிடம் சொல்லிவிட்டாரா என்று தெரியவில்லை. கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. என் மாலை நடையைத் தெற்குப் பக்கம் மாற்றிக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்துத் தரகர் அம்மா ஒரு வீடு சொன்னார். அதற்கு முன்னால் ஆறு வீட்டுக்கு வேண்டாம் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் காரணத்தை வாசற்படியிலேயே உட்கார்ந்து விளக்கினார், நானும் உட்கார்ந்து கேட்டேன். இந்த வீட்டின் மாடியில் ஏறினால் வடக்கே தண்ணீர்த் தொட்டி தெரியும், பின்னால் ஒரு கல்யாண மண்டபம், அதற்குப் பின்னால் எங்கோ மலை இருக்க வேண்டும். ஆனால் சங்கிலியில் எல்லாக் கண்ணியும் இருந்தது. பட்டியலில் எண் இல்லை. அளந்தால் பத்திரத்தில் சொன்ன அளவு இருந்தது.

பதிவுக்கு முந்தைய நாள் மத்தியானம், எழுதி முடித்த பத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். தெலுங்கில் ஒரு வரி படித்து, அதைத் தமிழில் சொல்லி, எங்களுக்குப் புரிந்ததா என்று பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும் என்பது அவர் முறை. ஆரம்பிக்கும் முன், "அக்கா, பணம் எங்கேர்ந்து வந்ததுன்னு கேட்டா காட்டணும். நெலம் வித்த பத்திரத்து நகலு கீதா?" என்றார்.

மனைவி பீரோவிலிருந்து எடுத்து வந்தாள். கொடுக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல இத்தப் படிக்கிறியாம்மா?"

"இது முடிஞ்சிபோனது அக்கா. நகலு இருந்தாப் போதும்."

"தெரியும். ஆனா நான் கேட்டது இல்ல. அன்னிக்கி நெறைய பேரு இருந்தாங்க, இங்க போடு, இங்க போடுன்னாங்க, போட்டேன். எங்கம்மா பங்கு ஒரு அர ஏக்கரு ஓரமா இருந்தது. அத்த விக்கலன்னு அம்மா சொல்லிகினே இருந்தது. அத்தயும் இதுல சேர்த்து எழுதிட்டாங்களோன்னு எனக்கு ஒரு இது. அம்மா போற வரைக்கும் அத்தக் கேட்டுகினே இருந்தது, இன்னா சொல்றதுன்னு தெரியாம..."

பன்னிரண்டு வருடம் அந்த நகல் எங்கள் பீரோவில் இருந்தது. பக்கத்து அறையில் மூன்று அலமாரி புத்தகம் இருந்தது. எடுத்து வந்து என் முன்னால் நீட்டினால் நான் கண்ணாடியைச் சரிசெய்து, தலையை மேலிருந்து கீழே இறக்கி, "சரியாத்தான் இருக்குது" என்று சொல்வேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் நீட்டவில்லை.

தரகர் அம்மா வாங்கிப் படித்தார். அவசரப்படாமல், ஒவ்வொரு வரியாக. கிழக்கே யார் நிலம், மேற்கே வாய்க்கால், வடக்கே அண்ணன் பங்கு. தெற்கு எல்லை வந்தபோது நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தெற்கே, உங்க தாயார் அனுபவத்துல இருக்கற அர ஏக்கரு. அது எல்லை அக்கா. வித்ததுல சேரல. வெளியில நிக்குது."

"திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னார். என் மனைவி தலையாட்டினாள். புடவை முந்தானையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டாள். "சரி. இப்போ இந்த வீட்டுதப் படி" என்றாள்.

மறுநாள் பதிவு அலுவலகத்தில் கூட்டம். கேமரா முன்னால் உட்கார்ந்து, கருவியில் விரலை அழுத்தினாள். முதல் முறை விழவில்லை. பாத்திரம் தேய்த்த விரல், ரேகை இல்லை என்றார்கள். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள், விழுந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். குமாஸ்தா காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, தெலுங்கில் வழக்கமான கேள்வியைக் கேட்டார். படித்துப் பார்த்துவிட்டீர்களா?

என் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது. பக்கத்தில் இரண்டு பெண்களும் நின்றிருந்தார்கள். கையை இறக்கினேன்.

"இல்லைங்க, எனக்குப் படிக்க வராது" என்று தெலுங்கில் சொன்னேன். "படிச்சுக் காட்டினாங்க. முழுசா கேட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். தமிழில் போட்டேன்.